பின் ஜன்னல் வழியே போன நூல்கள்

பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் நெஞ்சிலிருந்து நூல் புறப்பட்ட திங்கட்கிழமை காலையில் கரண்ட் போய்த் திரும்பி வந்திருந்தது. அதனால் கொஞ்ச நாளைக்கு எல்லோரும் கரண்டின் மேல் பழியைப் போட்டார்கள். பிறகு பழி போடக்கூட நேரமில்லாமல் வேலை வந்துவிட்டது. சங்கு ஊதி, அவரவர் ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் துணியைக் கையில் எடுத்ததும், சட்டைப் பொத்தானுக்குப் பக்கத்திலிருந்தோ சேலை மடிப்புக்குள்ளிருந்தோ சாயமேறாத நூல் ஒன்று வலியில்லாமல் வெளியே வந்து, தரையில் ஊர்ந்து, மேஜைக் கால்களில் சிக்காமல் பதமாக விலகி, ஆளுக்கொரு திசையில் நீண்டுகொண்டே போய், எங்கோ ஓரிடத்தில் பிடி கிடைத்ததுபோல விறைத்து நின்றது. யாரும் கத்தவில்லை. நாள் முழுக்க நூலுக்கு நடுவில் பிழைக்கிறவர்களுக்கு இன்னொரு நூலைப் பார்த்துக் கத்த என்ன இருக்கிறது.

அவரவர் எதற்காக வேலைக்கு வருகிறார்களோ அங்கே அவரவர் நூல் போகிறது என்பது அன்று டீ வேளைக்குள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. முன்வரிசை டெய்லர் கனகராசுவின் நூல் முன்வாசலைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, எதிர்ச்சாரி டீக்கடையின் பெஞ்சுக் காலில் போய்ச் சுற்றிக்கொண்டது. பார்த்தவர்கள் சிரித்தபோது, எனக்கு மறைக்க ஒன்றுமில்லை, டீயும் அரட்டையும் இல்லையென்றால் நான் எதற்கு இந்த மிஷினில் ஏறி உட்காரப்போகிறேன் என்று சொல்லி அவனும் சிரித்தான். அயர்ன் போடும் காஜா பாயின் நூல் அவருடைய நெஞ்சிலிருந்து கிளம்பி, வாசல் பக்கமே திரும்பாமல், அவருடைய உள்ளங்கைக்கே வந்து சேர்ந்தது. முதலில் அவரைப் பார்த்து எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். அவர் ஒரு காலரை மடித்து நீவுவதை நின்று பார்த்த பிறகு அந்தப் பரிதாபம் பொறாமையாக மாறிப்போனது. முதலாளியின் நூல் மட்டும் அறையை விட்டு வெளியே வரவேயில்லை. அது அவருடைய நாற்காலியிலிருந்து நேராகச் சுவரில் ஏறி, மாலை போட்ட அப்பா படத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு கண்டெய்னர் கிளம்பும்போதும் அவர் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்ப்பதும், பார்த்துவிட்டு வந்து காரணமில்லாமல் யாரையாவது திட்டுவதும் எதனால் என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் திட்டினால் யாரும் அவ்வளவாக மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

மற்றவர்களின் நூல்களெல்லாம் பின் ஜன்னல் வழியாகத்தான் போயின. கம்பெனியின் பின்னால் ஜெனரேட்டர் ரூமும், நூல் சுற்றி வந்து உடைந்துபோன கோன் அட்டைகளைக் கொட்டும் இடமும், ஒரு புங்கமரமும், அதற்கப்பால் கண்ணாடிச் சில்லு பதித்த மதில் சுவரும் இருந்தன. மரத்தின் இலைக்குள் நுழைகிற நூல்கள் அந்தப் பக்கம் எங்கே போகின்றன என்று உள்ளே இருந்து பார்க்க முடியாது. அவரவர் சொன்னதைத்தான் மற்றவர்கள் நம்பினார்கள். ஓவர்லாக் மிஷினில் உட்காரும் பூங்கோதை, தன்னுடையது தாராபுரம் ரோட்டில் பாதி எழும்பி நிற்கும் தன் வீட்டின் வாசற்காலில் போய்க் கட்டியிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன் என்றாள். சூப்பர்வைசர் சபாபதி, என்னுடையது சென்னையில் பரீட்சைக்குப் படிக்கிற பையனிடம் போகிறது என்று கேட்காதவர்களிடமும் சொன்னார்.

ஆவணி முடிவதற்குள் நூல்கள் கம்பெனியின் பழக்கங்களோடு பழக்கமாகிவிட்டன. நடக்கும்போது கால் இடறாமலிருக்க ஜன்னல் வரைக்கும் சுவரில் கொக்கிகள் அடித்து நூல்களை அதில் ஏற்றிவிட்டார்கள். லாரி வரும்போது முன்வாசல் நூலை வாட்ச்மேன் ஒரு மூங்கில் கழியால் தூக்கிப் பிடித்தார். இடையில் எழுந்தாலும், மாலையில் சங்கு ஊதினாலும், நூல் நெஞ்சிலிருந்து கழன்று ஸ்டூலின் மேல் விழும். அதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் உட்கார்ந்ததும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் பையனின் சம்பளத்தைக் கேட்ட பிறகு, நூல் எந்தப் பக்கம் போகிறது என்றும் வாட்ச்மேனிடம் ரகசியமாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். நூலைச் சுண்டிவிட்டால் ஆள் கொஞ்ச நேரத்துக்கு வேகமாகத் தைக்கிறார் என்று கண்டுபிடித்த சபாபதி, வரிசை வரிசையாகச் சுண்டிக்கொண்டே நடந்தார். ஒருநாள் டெய்லர் கருணாம்பாள் மிஷினை நிறுத்தாமலே, "ஏனுங் சார், அதென்ன உங்கூட்டுக் கொடிக்கயிறுங்களா" என்று கேட்டாள். அன்றோடு அந்தப் பழக்கம் நின்றது.

கோயம்புத்தூரிலிருந்து கழுத்தில் டை கட்டிய ஒருவரை முதலாளி வரவழைத்தார். எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, வாழ்க்கையில் முன்னேற வேண்டும் என்று மனதுக்குள் சொல்லச் சொன்னார் அவர். இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி என்று ஒரு பலகையும் மாட்டப்பட்டது. ஒரு நூலாவது அந்தப் பலகைப் பக்கம் திரும்பவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய சட்டையிலிருந்தும் ஒரு நூல் இறங்கி, எங்கேயும் போகாமல், ஷூவின் மேல் சுருண்டு விழுந்துகொண்டிருந்தது. மைக் ஒயர் என்று நினைத்து அவர் அதைக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டே பேசினார். மற்ற எல்லோரும் கண்ணை மூடியிருந்ததால் அதைத் தவமணி மட்டும்தான் பார்த்தாள். அவள் உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அடுத்தவர் வீட்டுக் குளியலறைக் கதவு திறந்திருந்தால் திருப்பிக்கொள்வதுபோல.

தவமணி பிசிறு வெட்டுகிறவள். தைத்து வரும் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் நுனிகளைப் பிசிறு என்பார்கள். விரலிடுக்கில் அடங்கும் குட்டிக் கத்தரியான டிரிம்மரால் அவற்றை ஒட்ட வெட்டி எறிவதுதான் அவள் வேலை. மானாமதுரைப் பக்கத்திலிருந்து தம்பியைப் படிக்க வைக்க வேண்டும் என்று வந்தவள், தம்பி படித்து முடித்து, புனேயில் வேலை கிடைத்து, அங்கேயே கல்யாணமும் ஆகி, பொங்கலுக்கு மட்டும் போன் செய்கிறவனாக ஆன பிறகும் அதே லைன் வீட்டில், அதே ஒற்றை அறையில் இருந்தாள். வேலையை விடவேண்டும் என்று தோன்றவில்லை, தொடர வேண்டும் என்றும் தோன்றவில்லை. சங்கு ஊதியது, போனாள். அந்தத் திங்கட்கிழமை அவள் நெஞ்சிலிருந்தும் நூல் புறப்பட்டபோது, அது வடக்கே திரும்பும், புனேவுக்குத்தான் போகும் என்று ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூடக் காத்திருந்தாள். நூல் மேஜையின் விளிம்பு வரை போய் நின்றது. இடது பக்கம் கொஞ்சம் திரும்பியது, வலது பக்கம் கொஞ்சம் திரும்பியது, வழி கேட்கக் கூச்சப்படுகிறவரைப் போல நின்றது, பிறகு திரும்பி வந்து அவள் மடியிலேயே விழத் தொடங்கியது. விழுந்து விழுந்து மத்தியானத்துக்குள் ஒரு பெரிய குவியலாகிவிட்டது.

அதைப் பிசிறுப் பைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தவள், எல்லோரும் சாப்பிடக் கைகழுவப் போன நேரத்தில், நுனியைப் பின் ஜன்னல் வழியே வெளியே விட்டு, தானும் ஜெனரேட்டர் ரூமைச் சுற்றிக்கொண்டு போய், புங்கமரத்து அடிமரத்தில் இழுத்துக் கட்டி முடிச்சுப் போட்டுவிட்டு வந்தாள். அதன் பிறகு அவளுடைய நூலும் மற்றவர்களுடையதைப் போலவே விறைப்பாக நின்றது. தம்பிக்குத்தானே போகுது என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் அதற்குப் பிறகு அவள் அந்த மரத்துப் பக்கமே போகவில்லை.

பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்த கருணாம்பாள்தான் நாளில் அவளிடம் பேசுகிற ஒரே ஆள். அவிநாசிக்காரி, புருஷன் இல்லை, சேலத்தில் நர்ஸிங் படிக்கும் தாரணி என்று ஒரே மகள். கருணாம்பாளின் நூல் தவமணியின் வலது கைப்பக்கமாக, மேஜையை உரசியபடி ஜன்னலுக்குப் போகும். தாரணி போன் செய்வதற்கு ஒரு நொடி முன்னால் அந்த நூல் அதிரும். கருணாம்பாள் உடனே போனை எடுத்துத் தோளில் இடுக்கிக்கொண்டு, தைத்துக்கொண்டே, சொல்லு சாமி என்பாள். மத்தியானம் கொள்ளுப் பருப்பைத் தவமணியின் தட்டில் கேட்காமலே பாதி தள்ளிவிடுவாள்.

ஐப்பசியில் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. குழந்தைகள் இரவில் போட்டுக்கொள்ளும் சட்டை, சட்டை முழுக்க மஞ்சள் வாத்துகள். அவசரத்தில் துணி மலைபோல வந்து குவிந்தது. பிசிறு வெட்டுகிறவர்களின் கை கண்ணைக் கேட்டுக்கொண்டு வெட்டுவதில்லை. நீட்டிக்கொண்டிருப்பது விரலில் பட்டால் போதும், வெட்டிவிடும். பஸ்ஸில் முன்னால் நின்றவரின் சட்டைக் காலரில் நூல் நீண்டிருந்ததை வெட்டப்போய்த் தவமணி ஒருமுறை பேச்சு வாங்கியிருக்கிறாள். அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒரு வாத்துச் சட்டையைத் தட்டித் திருப்பி, அடுத்ததை எடுத்து, விரலில் நூல் பட்டு, வெட்டினாள். வெட்டிய பிறகுதான் கனம் தெரிந்தது. பிசிறு அவ்வளவு கனக்காது. வெட்டுப்பட்ட நூலின் வெளி முனை, பிடித்திருந்த கை விட்டதுபோலச் சட்டென்று ஓடி, ஜன்னலுக்கு வெளியே பறந்து, மதில் சுவரின் கண்ணாடிச் சில்லில் போய்ச் சிக்கிக்கொண்டது.

கருணாம்பாளின் மிஷின் நின்றது. அவள் கையிலிருந்த துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மணி, இந்த வாத்துப் போட்ட துணிய நாம எதுக்குத் தெச்சுட்டு இருக்கறோம்?"

"அக்கா, நான் வெட்டிட்டேன். உங்க நூல நான் வெட்டிட்டேன்க்கா."

கருணாம்பாள் கோபப்படவில்லை. கோபப்படுவதற்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. சபாபதி ஓடிவந்தார், கனகராசு வந்தான், எல்லோரும் கூடினார்கள். தவமணியை யாரும் திட்டவில்லை. பிசிறு வெட்டுகிற கை வேறென்ன செய்யும் என்றுதான் சொன்னார்கள். ஸ்டூலில் இருந்த முனைக்கும் சுவரில் சிக்கியிருந்த முனைக்கும் நடுவே இடைவெளி பெரிதாக இருந்தது. காட்டன் நூல் கொண்டு இணைத்தார்கள், முடிச்சு வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தது. பாலியஸ்டரும் அப்படியே, மீன்பிடிக்கிற நைலானும் அப்படியே. நெஞ்சிலிருந்து வந்த நூலோடு நெஞ்சிலிருந்து வந்த நூல்தான் சேரும் என்று காஜா பாய் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி சொன்னார். அவருடையது ஒரு முழம்கூட இல்லை. சபாபதி ஒரு மேஜை மேல் ஏறி நின்று, யாருடைய நூலாவது கொஞ்சம் தளர்வாக இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். எல்லோரும் அவரவர் மிஷினைக் குனிந்து பார்த்தார்கள். கேட்டவரும் குனிந்துதான் கேட்டார். தவமணியும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அங்கே ஒன்றுமில்லை.

கருணாம்பாள் தினமும் வந்தாள். பழகிய கால்கள் கூட்டிவந்தன. வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, மிதிக்கட்டையின் மேல் காலை வைத்து, மிதிக்காமல் இருந்தாள். வியாழக்கிழமை தாரணி போன் செய்தபோது நூல் அதிரவில்லை, வெறும் மணிதான் அடித்தது. அந்தப் பெண் மறுமுனையில் வார்டு டியூட்டி போட்டிருக்கிறார்கள், பயமாக இருக்கிறது என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தது தவமணிக்குக்கூடக் கேட்டது. கருணாம்பாள் சரி என்றாள், சாப்பிடு என்றாள், போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ளைக்கு எங்கிட்ட என்ன வேணும்னே தெரியல அம்மணி."

சனிக்கிழமையோடு நின்றுகொள்வதாகவும், வெள்ளகோவிலில் அக்கா வீட்டில் போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கப்போவதாகவும் அவள் சபாபதியிடம் சொல்லிவிட்டாள். அன்று மத்தியானம் கொள்ளுப் பருப்பைப் பாதி தள்ளவும் மறந்துபோனாள். தவமணி வெறும் சோற்றைப் பிசைந்தபடி, ஜன்னல் பக்கம் விறைப்பாக நின்ற தன் நூலைப் பார்த்தாள். அதை அவிழ்த்தால், தனக்கு எங்கேயும் யாரும் இல்லையென்று இந்தக் கம்பெனி முழுவதும் பார்த்துவிடும். அவிழ்க்காவிட்டால் அந்தப் பெண் சேலத்தில் ஒரு வார்டில் பயந்துகொண்டு நிற்கும், இங்கே இந்த அம்மா ஒரு வாத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

வெள்ளிக்கிழமை டீ வேளையில், எல்லோரும் பார்க்க, தவமணி பின்கதவைத் திறந்துகொண்டு போனாள்.

ஜெனரேட்டர் ரூமைத் தாண்டி, கோன் அட்டைகளை மிதித்துக்கொண்டு, புங்கமரத்தின் முன்னால் போய் நின்றவளுக்கு முதலில் தன் முடிச்சு எங்கே என்று தெரியவில்லை. அவள் கட்டியபோது வெறுமையாக இருந்த அடிமரம், இடுப்பு உயரத்துக்குப் பட்டை தெரியாமல் நூலால் சுற்றப்பட்டிருந்தது. முடிச்சின் மேல் முடிச்சு, அதன் மேல் இன்னொரு முடிச்சு. நூலோடு பழகிய அவள் கண்ணுக்கு ஒவ்வொருவருடைய முறுக்கும் தெரியும். இரட்டைப் புரியாக மஞ்சள் தட்டியிருந்தது பூங்கோதையுடையது. தாராபுரம் ரோட்டு வாசற்காலுக்குப் போனதாகச் சொன்னது. இறுக்கமான, கரகரவென்ற முறுக்கு சபாபதியுடையது. சென்னைப் பையனிடம் போனது. பின்வரிசைக்காரர்களுடையது இருந்தது, வாட்ச்மேனுடையதுகூட ஒன்று இருந்தது. மேலே கிளைகளுக்கு நடுவில் கொஞ்ச நூல்கள் நிஜமாகவே மதிலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன, ஆனால் கொஞ்சம்தான். இவ்வளவு பேரும் ஆளில்லாத நேரம் பார்த்துத் தனித்தனியாக வந்திருக்கிறார்கள். வந்து, இங்கே ஏற்கெனவே கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, அதன் மேலேயே தங்களுடையதையும் கட்டிவிட்டு, உள்ளே போய் மற்றவர்களோடு உட்கார்ந்து, வீட்டைப் பற்றியும் பையனைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அவளுடையது. மேலே இருந்த ஒவ்வொன்றையும் அறுந்துவிடாமல் நகத்தால் தளர்த்தி, தன்னுடையதை அவிழ்த்து உருவிக்கொண்டு, மற்றவற்றைப் பழையபடியே இறுக்கி, யாருடையதும் தொய்ந்து தெரியாதபடி இழுத்துப் பார்த்து முடிச்சிட்டாள். டீ வேளை முடிந்து சங்கு ஊதியது. நூலை முழங்கையில் சுற்றிக்கொண்டு அவள் பின்கதவு வழியாக உள்ளே வந்தபோது ஒரு மிஷினும் ஓடவில்லை. அவள் நூல் எங்கேயும் போகவில்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள். சபாபதியின் முகமும் பூங்கோதையின் முகமும் வேறொன்றுக்காக வெளுத்திருந்தன. தவமணி ஒருவரையும் பார்க்கவில்லை, மரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கனகராசுதான் ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், மதில்மேல் ஏறி, சிக்கியிருந்த முனையை எடுத்துவந்து கொடுத்தான். பூங்கோதை எழுந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டாள். 

"அது உன்னுதாச்சே அம்மணி" என்றாள் கருணாம்பாள்.

"சும்மாதான் கெடந்துச்சுக்கா."

தவமணி ஸ்டூலில் உட்கார்ந்து, நூல் வந்து ஒட்டிக்கொண்டதும், டிரிம்மரை எடுத்து அதை நெஞ்சுக்குப் பக்கத்தில் வெட்டினாள். வலிக்கவில்லை. ஒரு முனையைக் கருணாம்பாளின் துண்டோடும், மறுமுனையைச் சேலத்திலிருந்து வந்த துண்டோடும் முடிந்தாள். முடிச்சு வழுக்கவில்லை. கருணாம்பாளின் கால், அவளைக் கேட்காமலே, மிதிக்கட்டையை அழுத்தியது. வாத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊசியின் கீழே போகத் தொடங்கின. கொஞ்ச நேரத்தில் அவள் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "ஏஞ்சாமி, அன்னிக்கு வார்டுல பயமா இருக்குதுன்னியே, இப்ப எப்படி இருக்குது" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தவமணி அடுத்த சட்டையை எடுத்தாள்.

திங்கட்கிழமை காலை லைன் வீட்டில் கண்விழித்தபோது, இன்று எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. பக்கத்து அறையில் யாரோ யாரையோ எழுப்பிக்கொண்டிருந்தார்கள். பிறகு சங்கு ஊதியது, போனாள். அவளுக்கு நூல் இல்லை என்பதைப் பற்றிக் கம்பெனியில் யாரும் பேசவில்லை. அவள் மேஜைக்கு மேலே இருந்த கொக்கி மட்டும் வெறுமையாக இருந்தது. சில நாள் கழித்து யாரோ அதில் தண்ணீர் பாட்டிலை மாட்டினார்கள். ஸ்டூலில் உட்காரும்போது நெஞ்சில் விரற்கடை நீளத்துக்கு ஒரு துணுக்கு வெளியே வரும். பார்க்கிறவர்களுக்கு அது பிசிறு மாதிரிதான் தெரியும். கை பலமுறை அதனிடம் போயிருக்கிறது, வெட்டாமல் திரும்பியிருக்கிறது.

அவளுடையதாக இருந்த அந்த நீளம் இப்போது கருணாம்பாளின் நூலுக்கு நடுவில், தவமணியின் வலது கைப்பக்கமாகவே போயிற்று. தாரணி போன் செய்யும்போதெல்லாம் அது அவள் முகத்துக்கு நேரே அதிர்ந்தது. அவளுக்காக அல்ல, அவளைத் தாண்டி. அந்த நேரத்தில் நெஞ்சிலிருந்த துணுக்கு லேசாக நிமிர்ந்து அந்தப் பக்கம் சாயும். அதிர்வு நின்றதும் படிந்துவிடும்.

அவள் டிரிம்மரை, அந்த நூல் பக்கம் போகாத இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். முதலில் துணியும் விரலும் சேர்ந்து வெட்டுப்பட்டன. மேஜையில் வேலை தேங்கியது. சபாபதி தேங்கியதைப் பார்த்தார், கடந்து போனார்.

"ஏன் அம்மணி பீச்சாங்கையில வெட்டற?" என்று மத்தியானம், கொள்ளுப் பருப்பில் பாதியைத் தள்ளிக்கொண்டே கருணாம்பாள் கேட்டாள்.

"வலது கை வலிக்குதுக்கா" என்றாள் தவமணி.